வயலில் அடித்த மருந்து ஈரநிலத்தில் என்ன செய்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஈரநிலங்களில் சேரும் பூச்சிக்கொல்லி பற்றிப் பேச ஆரம்பித்தால் யார் கேட்டாலும் சுற்றிச்சுற்றி இதே சந்தேகங்கள்தான் வருகின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லி அலுத்துப்போய், கேட்டவர்களின் வாய்வார்த்தையிலேயே கேள்விகளைத் தொகுத்திருக்கிறேன். எளியவை முதலில், சிக்கலானவை பின்னால். "மருந்து" என்று எழுதும் இடங்களிலெல்லாம் பூச்சிக்கொல்லி, களைக்கொல்லி, பூஞ்சைக்கொல்லி மூன்றையும் சேர்த்தே சொல்கிறேன். நஞ்சுக்கு மருந்து என்று பெயர் வைத்தது நம் பேச்சுவழக்கின் விசித்திரம். அதை இங்கே திருத்தப் போவதில்லை.

1. ஈரநிலம் என்றால் சதுப்பு நிலம்தானே?

சதுப்பும் அதில் ஒன்று. ஆண்டு முழுவதுமோ சில மாதங்களோ தண்ணீர் நிற்கிற அல்லது மண் ஊறிக் கிடக்கிற எந்த இடமும் ஈரநிலம்தான். ஏரி, குளம், கழிமுகம், அலையாத்திக் காடு, ஆற்றோர வெள்ளச் சமவெளி எல்லாம் அதில் வரும். 1971இல் ஈரானின் ராம்சர் நகரில் கையெழுத்தான ஈரநிலப் பாதுகாப்பு ஒப்பந்தம், வற்றத்தில் 6 மீட்டருக்கு மேல் ஆழம் போகாத கடலோரத்தையும் சேர்த்துக்கொள்கிறது. மனிதர் உண்டாக்கிய நீர்நிலைகளும் உண்டு. நெல்வயல்கூட அந்தக் கணக்கில் வரும்.

நெல்வயலை மறந்துவிடாதீர்கள். மருந்து அடிக்கும் இடமும் அதுவே, கொக்கும் தவளையும் வாழும் ஈரநிலமும் அதுவே.

2. எங்க வயலுக்கும் ஏரிக்கும் அரை கிலோமீட்டர் இருக்கு. மருந்து அங்கே எப்படிப் போகும்?

பல வழிகள் உண்டு. தெளிக்கும்போது நுண்துளிகள் காற்றில் மிதந்து போகும். மழை பெய்தால் கரைந்தும், மண் துகளில் ஒட்டிக்கொண்டும் வாய்க்காலுக்கு ஓடும். நிலத்தடியில் வடிகுழாய் பதித்த வயல்களில் அதுவே குறுக்குவழி. மருந்து பூசிய விதையை இயந்திரத்தால் விதைக்கும்போது எழும் தூசியும் போய்ச் சேரும். தெளித்த பிறகு வரும் முதல் பெருமழைதான் இதில் ஆபத்தானது. பருவம் முழுக்க போகும் மருந்தில் பெரும்பங்கு அந்த ஓரிரு மணி நேரத்திலேயே போய்விடுவது உண்டு.

அப்புறம், யாரும் கணக்கில் எடுக்காத ஒரு வழி இருக்கிறது: டேங்க் கழுவும் இடம். மிச்ச மருந்தை வாய்க்கால் ஓரத்தில் கொட்டுவது, தெளிப்பானை மதகடியில் அலசுவது, காலி டப்பாவைத் தண்ணீரில் முக்கிக் கழுவுவது. ஐரோப்பாவில் ஆராய்ந்த பல சிறு நீர்ப்பிடிப்புப் பகுதிகளில், நீரில் சேர்ந்த மருந்தில் பாதிக்கும் மேல் இப்படிக் கலக்கும்போதும் கழுவும்போதும் சிந்தியதுதான் என்று தெரிந்தது. வயலில் அடித்ததைவிடக் கழுவிக் கொட்டியது அதிகம்!

3. கொஞ்சூண்டு மருந்து. அவ்வளவு தண்ணீரில் கரைந்து ஒன்றுமில்லாமல் போய்விடாதா?

என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். வார்த்தையைவிடக் கணக்கே இதற்கு நல்ல பதில். ஒரு ஹெக்டேர் பரப்பு, ஒரு மீட்டர் ஆழம் உள்ள குளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு கோடி லிட்டர் தண்ணீர் இருக்கும். இமிடாகுளோபிரிட் என்ற பூச்சிக்கொல்லியின் 17.8 சதவீதக் கரைசலில் லிட்டருக்கு 200 கிராம் மூலமருந்து இருக்கிறது. அதில் ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லி எடுத்தால் ஒரு கிராம். அந்த ஒரு கிராம் குளம் முழுக்கச் சீராகக் கலந்தால் லிட்டருக்கு 0.1 மைக்ரோகிராம் ஆகும். ஐரோப்பிய ஒன்றியம் குடிநீரில் எந்த ஒரு பூச்சிக்கொல்லிக்கும் வைத்திருக்கும் உச்சவரம்பு சரியாக அதே 0.1 மைக்ரோகிராம். ஒரு தேக்கரண்டி, ஒரு ஹெக்டேர் குளம், வரம்பு தொட்டாயிற்று.

இன்னொரு எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நெதர்லாந்தின் நீர்நிலைகளில் எடுத்த அளவுகளையும் பறவைக் கணக்கெடுப்பையும் ஒப்பிட்டு 2014இல் ஓர் ஆய்வு வந்தது. நீரில் இமிடாகுளோபிரிட் லிட்டருக்கு 20 நானோகிராமுக்கு (0.02 மைக்ரோகிராம்) மேல் இருந்த பகுதிகளில் பூச்சி தின்னும் பறவைகள் சராசரியாக ஆண்டுக்கு 3.5 சதவீதம் குறைந்திருந்தன. நம் குளத்தில் அந்த அளவைக் கொண்டுவர 1 மில்லி போதும். இரண்டும் சேர்ந்தே நிகழ்கின்றன என்றுதான் அந்த ஆய்வு காட்டுகிறது. இதனால்தான் அது என்று நிரூபிக்கவில்லை. ஒரே நாளில் விழுந்த மருந்தைப் பற்றியதும் அல்ல, தொடர்ந்து நீரில் இருந்த அளவைப் பற்றியது. ஆனாலும் "கொஞ்சூண்டு" என்ற சொல்லை அதற்கப்புறம் என்னால் சாதாரணமாகப் பயன்படுத்த முடியவில்லை.

4. தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்கிறதே?

தெளிவு எதையும் சொல்லாது. மேலே சொன்ன அளவுகளில் நிறமும் தெரியாது, வாடையும் வராது. சொல்லப்போனால் களைக்கொல்லி நுண்பாசியை அழித்தும் தண்ணீர் தெளியலாம். பூச்சிக்கொல்லி விழுந்தால் நேர்மாறாகப் பச்சை பிடிக்கவும் செய்யும். ஏன் என்று 10ஆம் பதிலில் வருகிறது.

5. எல்லா மருந்தும் ஒன்றுதானா? எது ரொம்ப மோசம்?

ஒன்றல்ல. இரண்டு குணங்களைப் பார்த்தால் ஒரு மருந்து ஈரநிலத்தில் எங்கே போய் உட்காரும் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். தண்ணீரில் கரையுமா அல்லது மண்ணிலும் கொழுப்பிலும் ஒட்டுமா என்பது ஒன்று. எவ்வளவு நாளில் சிதையும் என்பது மற்றது.

டிடிடி, டீல்ட்ரின், எண்டோசல்பான் போன்ற ஆர்கனோகுளோரின் வகை தண்ணீரில் கரைய மறுக்கும். சேற்றிலும் உடல் கொழுப்பிலும் போய் உட்கார்ந்துகொள்ளும், ஆண்டுக்கணக்கில் நகராது. குளோர்பைரிபாஸ், மாலத்தியான் போன்ற ஆர்கனோபாஸ்பேட் வகை அவ்வளவு காலம் தங்குவதில்லை, ஆனால் விழுந்த அன்றைக்கே வேலையைக் காட்டிவிடும். சைபர்மெத்ரின் போன்ற பைரித்ராய்டுகள் மனிதருக்குப் பரவாயில்லை என்று பெயர் வாங்கியவை. மீனுக்கும் இறாலுக்கும் நீர்ப்பூச்சிக்கும் அவை மிகக் கொடியவை. இமிடாகுளோபிரிட் சேர்ந்த நியோனிகோட்டினாய்டு வகை தண்ணீரில் நன்றாகக் கரையும் என்பதால் வயலைவிட்டு எளிதில் வெளியேறும். விதையில் பூசினால் பயிர் எடுத்துக்கொள்வது பெரும்பாலும் அதில் 2 முதல் 20 சதவீதம்தான், மீதி மண்ணுக்கும் நீருக்கும். "எது மோசம்" என்பதற்கு ஒற்றைப் பதில் கிடையாது. யாருக்கு மோசம் என்று திருப்பிக் கேட்க வேண்டும்.

6. டிடிடி-யை எப்பவோ தடை பண்ணியாச்சே. இன்னும் ஏன் அதையே பேசுகிறீர்கள்?

அமெரிக்கா 1972இல் விவசாயத்துக்கு டிடிடி-யைத் தடை செய்தது. 2001இல் உருவான ஸ்டாக்ஹோம் ஒப்பந்தம் அதை உலகளவில் கட்டுக்குள் கொண்டுவந்தது. 2011இல் எண்டோசல்பானும், 2025இல் குளோர்பைரிபாஸும் அதே ஒப்பந்தத்தின் பட்டியலில் சேர முடிவானது. சட்டம் மாறிவிட்டது, சேறு மாறவில்லை.

புளோரிடாவின் அபோப்கா ஏரியில் நடந்ததைக் கேளுங்கள். அதன் வடகரைச் சதுப்பை வடித்துப் பல பத்தாண்டுகள் காய்கறி விளைவித்தார்கள். பிறகு அரசு அந்த நிலங்களை வாங்கி மறுபடி ஈரநிலமாக்க முடிவு செய்தது. நல்ல எண்ணம்தான். 1998இல் தண்ணீர் விட்டார்கள், பறவைகள் ஆயிரக்கணக்கில் வந்து இறங்கின. அந்தக் குளிர்காலத்திலும் அடுத்த வசந்தத்திலுமாக அங்கே ஏறத்தாழ 700 பறவைகள் செத்தன. பெரும்பாலும் வெள்ளைக் கூழைக்கடாக்கள், கூடவே நாரைகளும் கொக்குகளும். மண்ணில் கிடந்த டாக்சஃபீன், டீல்ட்ரின், டிடிடி-யின் சிதைவுப்பொருள் எல்லாம் மீன்வழியாகப் பறவைக்குள் ஏறியிருந்தன. மருந்து அடிப்பது நின்றபின் நடந்த சாவு இது.

7. சேற்றில் ஒட்டிக்கொண்டால் நல்லதுதானே? தண்ணீர் சுத்தமாகிவிடுமே.

தண்ணீர் சுத்தமாகும், ஈரநிலம் ஆகாது. ஒரு பிடி சேற்றை அள்ளி வெள்ளைத் தட்டில் கழுவிப் பாருங்கள். சிவப்பு நூல்துண்டு மாதிரி நெளியும் புழுக்கள் தெரியும். மீன் வளர்ப்பவர்கள் ரத்தப்புழு என்பார்கள். கொசு ஜாடையில் இருக்கும், கடிக்காத ஒரு பூச்சியின் குழந்தைப் பருவம் அது. காற்றில்லாத சேற்றிலும் மூச்சுவிட ஏதுவாக உடம்பில் ஹீமோகுளோபின் இருக்கிறது, சிவப்பு அதனால்தான். இந்தப் புழு தின்பதே சேற்றைத்தான். அதைத் தின்பவை மீனும் வாத்தும் உள்ளானும். தப்பித்தவை சிறகு முளைத்துப் பறந்தால் சிலந்தியும் தகைவிலானும் வௌவாலும் பிடித்துத் தின்னும். நீருக்கடியில் புதைந்ததாக நாம் நினைத்த மருந்தின் ஒரு பங்கு இப்படிச் சிறகடித்துக் கரையேறுகிறது.

8. உணவுச் சங்கிலியில் "பெருகும்" என்கிறார்களே, மருந்து என்ன குட்டியா போடும்?

போடாது. உள்ளே போனது வெளியே வராமல் தங்கினால் சேர்ந்துகொண்டே போகும், அவ்வளவுதான். ஒரு சின்ன மீன் தன் வாழ்நாளில் கணக்கில்லாத மிதவை உயிரிகளைத் தின்கிறது. அவற்றின் சதை செரித்துப்போகும், கொழுப்பில் இருந்த டிடிடி மட்டும் மீனின் கொழுப்புக்கு இடம் மாறும். அந்த மீன்களில் நூற்றுக்கணக்கை ஒரு பறவை தின்கிறது.

கலிபோர்னியாவின் கிளியர் ஏரி இதற்குப் பாடப்புத்தக உதாரணம். தொல்லை தரும் ஒரு சிறு பூச்சியை ஒழிக்க 1949, 1954, 1957 ஆகிய ஆண்டுகளில் டிடிடி-யின் (DDT) நெருங்கிய உறவான DDD என்ற பூச்சிக்கொல்லியை நேரடியாக ஏரியில் கலந்தார்கள். நீரில் அது பத்து லட்சத்தில் 0.02 பங்கு. செத்துக் கிடந்த முக்குளிப்பான்களின் கொழுப்பில் 1,600 பங்கு. 80,000 மடங்கு! இது வயல் மருந்தல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் கணக்கு அதேதான். மீன் தின்னும் பறவைகளின் முட்டை ஓடு மெலிந்து, அடைகாக்க உட்கார்ந்தாலே உடைந்துபோனதும் இதே குடும்பத்து மருந்துகளால்தான். கூழைக்கடா, மீன்பிடிக் கழுகு எல்லாம் அதில் அடிபட்டன.

9. புது மருந்தெல்லாம் சீக்கிரம் சிதைந்துவிடும் என்று டப்பாவிலேயே போட்டிருக்கிறதே?

எங்கே சிதையும் என்று கேளுங்கள். தெளிந்த, ஆழமில்லாத நீரில் வெயில் பட்டால் இமிடாகுளோபிரிட் மணிக்கணக்கில் பாதியாகக் குறையும். கலங்கிய நீரிலோ சம்பும் கோரையும் மூடிய நிழலிலோ அந்த வேகம் கிடையாது. மண்ணுக்குள் போய்விட்டால் மாதங்கள், சில வேளை ஒரு வருடத்துக்கும் மேல். கனடாவின் சஸ்காச்சுவான் புல்வெளிக் குட்டைகளில் 2013 வசந்தத்தில், அந்த ஆண்டு விதைப்பு தொடங்கும் முன்பே நீர் எடுத்துப் பார்த்தார்கள். பெரும்பாலான குட்டைகளில் நியோனிகோட்டினாய்டு இருந்தது. போன ஆண்டு போட்டது, பனி உருகிய நீரோடு வந்திருந்தது.

இன்னொன்று: சிதைவது வேறு, விஷம் போவது வேறு. பிப்ரோனில் என்ற பூச்சிக்கொல்லி சிதைந்து வரும் சல்போனும், எண்டோசல்பானிலிருந்து வரும் சல்பேட்டும் தாய் மருந்துக்கு இளைத்தவை அல்ல.

10. பூச்சிக்கொல்லி பூச்சியைத்தானே கொல்லும்? மீனுக்கும் தவளைக்கும் என்ன?

நேரடியாகவே பாதிப்பு உண்டு. ஆர்கனோபாஸ்பேட் முடக்கும் நரம்பு நொதி பூச்சிக்கும் மீனுக்கும் பறவைக்கும் நமக்கும் பொது. ஆனால் எனக்கு அதிக வியப்பு தருவது நேரடிச் சாவு அல்ல, சுற்றிவளைத்து வரும் சாவு.

அமெரிக்காவில் செயற்கைக் குட்டைகளில் செய்த ஒரு சோதனையைச் சொல்கிறேன். தலைப்பிரட்டையைக் கொல்லாத மிகக் குறைந்த அளவில் மாலத்தியான் விட்டார்கள். நீர்த்தெள்ளு மாதிரியான நுண்ணிய உயிர்கள் செத்தன. அவை மேய்ந்துகொண்டிருந்த மிதக்கும் பாசி கட்டுப்பாடில்லாமல் பெருகி நீர் பச்சையானது. வெளிச்சம் அடிவரை போகவில்லை, கல்லிலும் தண்டிலும் படரும் பாசி தேய்ந்தது. தலைப்பிரட்டையின் சாப்பாடு அதுதான். ஒரு வகைத் தவளையின் தலைப்பிரட்டைகளுக்கு வளர்ச்சி தாமதமானது, பலவற்றுக்குக் கால் முளைக்கும் முன்பே குட்டை வற்றியது. மருந்து ஒரு தலைப்பிரட்டையையும் தொடவில்லை. அவற்றில் பல தவளையாகவில்லை, அவ்வளவுதான்.

குட்டையில் நடந்தது ஏரியிலும் நடக்குமா? ஜப்பானின் ஷின்ஜி ஏரியைச் சுற்றி நெல்வயல்கள். 1993இல் அங்கே நியோனிகோட்டினாய்டு புழக்கத்துக்கு வந்தது. அதே காலத்தில் ஏரியின் மிதவை விலங்குகள் சரிந்தன. ஸ்மெல்ட் என்ற சிறுமீன் பிடிப்பு, அதற்கு முந்தைய பன்னிரண்டு ஆண்டுகளில் சராசரி 240 டன்னாக இருந்தது, அடுத்த பன்னிரண்டு ஆண்டுகளில் 22 டன் ஆகிவிட்டது. விலாங்கும் குறைந்தது. மீன் மருந்தால் சாகவில்லை, பட்டினியால் போனது என்பதே 2019இல் வெளியான அந்த ஆய்வின் முடிவு.

11. களைக்கொல்லி செடியைத்தானே கொல்லும், உயிருக்கு என்ன?

ஈரநிலத்தில் செடிதான் வீடு, சாப்பாடு, ஆக்சிஜன் எல்லாமே. நீர்ச்செடிகள் மொத்தமாகச் செத்து அழுகினால் அந்த அழுகலே நீரின் ஆக்சிஜனை உறிஞ்சிவிடும். கிளைபோசேட் விஷயத்தில், மூலமருந்தைவிட இலையில் ஒட்டுவதற்காகச் சேர்க்கும் நுரைப்பொருள் தலைப்பிரட்டைக்குக் கொடியது என்று பல சோதனைகள் காட்டின. ஆகவே டப்பாவில் "மற்றவை" என்று போட்டிருப்பதும் கணக்கில் வரும்.

அட்ரசின் கதை தனி. லிட்டருக்கு 0.1 மைக்ரோகிராம் அளவிலேயே ஆண் தவளைகளின் இனப்பெருக்க உறுப்பு மாறுகிறது என்று 2002இல் வந்த ஆய்வு பெரும் சண்டையைக் கிளப்பியது. எல்லா ஆய்வுகளும் அதை உறுதிசெய்யவில்லை. ஐரோப்பிய ஒன்றியம் அட்ரசினைக் கைவிட்டது தவளைக்காக அல்ல, நிலத்தடி நீரில் 0.1 வரம்பைத் தாண்டியதால். அமெரிக்காவில் இன்னும் அடிக்கிறார்கள்.

12. இயற்கை மருந்து அடித்தால் பிரச்சினை இல்லைதானே?

இயற்கை என்ற சொல் மீனுக்குத் தெரியாது. ரோட்டினோன் செடிவேரிலிருந்து வருவது. மீனை மொத்தமாகக் கொல்லவே அதைப் பயன்படுத்துகிறார்கள். சாமந்திக் குடும்பப் பூவிலிருந்து எடுக்கும் பைரித்ரம் மீனுக்கும் நீர்ப்பூச்சிக்கும் நஞ்சு. வெயிலில் சீக்கிரம் சிதைவது மட்டும் அதன் நல்ல குணம். செம்பு கலந்த பூஞ்சைக்கொல்லி சிதையவே சிதையாது, செம்பு ஒரு தனிமம். வேப்பங்கொட்டைச் சாறு இவற்றைவிட எவ்வளவோ சாது. அதற்காக அதையும் குளத்தில் கொட்டலாம் என்று இல்லை.

13. மீன் செத்து மிதக்கிறது. மருந்தால்தான் என்று எப்படிச் சொல்வது?

பெரும்பாலான மீன் சாவுக்குக் காரணம் ஆக்சிஜன் பற்றாக்குறை. அதனால் முதலில் அதை விலக்குங்கள். ஆக்சிஜன் குறைந்தால் சாவு விடியற்காலையில் தெரியும், ராத்திரி முழுக்கச் செடிகளும் பாசியும் மூச்சுவிட்டு மிச்சமிருந்ததைத் தீர்த்திருக்கும். பெரிய மீன்கள் முதலில் போகும். சின்னவை மேற்பரப்பில் வாய் பிளந்து காற்று தேடும்.

மருந்து என்றால் நேரம் காலம் கிடையாது. சின்ன மீன் முதலில், அல்லது எல்லா அளவும் ஒன்றாகச் சாகும். சாவதற்கு முன் சுழன்று சுழன்று நீந்தும், துடிக்கும், முதுகு வளையும். முக்கியமான அடையாளம் மீனில் இல்லை. நண்டு, இறால், நீர்ப்பூச்சிகள் கூடவே செத்திருக்கின்றனவா என்று பாருங்கள். ஒரு கண்ணாடி டம்ளரில் நீர் மொண்டு வெளிச்சத்தில் பிடியுங்கள். துள்ளும் புள்ளிகள் ஒன்றுமே இல்லை, ஆனால் பாசி பச்சையாக உயிரோடு இருக்கிறது என்றால் பூச்சிக்கொல்லியைச் சந்தேகிக்கலாம்.

பார்த்த உடனே மாதிரி எடுங்கள். மறுநாள் என்றால் தண்ணீர் ஓடிப்போயிருக்கும். அடர்நிறக் கண்ணாடிப் பாட்டிலில், காற்றிடம் விடாமல் நிரப்பி, பனிக்கட்டியில் வையுங்கள். பிளாஸ்டிக் வேண்டாம், பல மருந்துகள் அதன் சுவரில் ஒட்டிக்கொள்ளும். இதை நான் அனுபவத்தில் கற்றேன், ஒரு நாள் உழைப்பு வீணானபின். சாகும் நிலையில் இருக்கும் மீனோ, செவுள் இன்னும் சிவப்பாக உள்ள மீனோ உதவும். அதை அலுமினியத் தாளில் சுற்றுங்கள். வெறும் கையால் தொடாதீர்கள். அழுகியது ஆய்வுக்கு ஆகாது. கூடவே கொஞ்சம் சேறு.

14. தண்ணீரைச் சோதித்தோம், "கண்டறியப்படவில்லை" என்று வந்தது. அப்போ இல்லைதானே?

மூன்று விஷயம் கேளுங்கள். எந்தெந்த மருந்துகளைத் தேடினார்கள்? தேடாதது கிடைக்காது. எந்த அளவுக்குக் கீழே கருவியால் பார்க்க முடியாது? அந்த அளவு 0.1 மைக்ரோகிராம் என்றால், 3ஆம் பதிலில் சொன்ன 20 நானோகிராம் அதன் கண்ணில் படவே படாது. என்றைக்கு எடுத்தார்கள்? மாதம் ஒருமுறை வெயில் நாளில் எடுத்த மாதிரி, மழையோடு வந்து போன அலையைப் பிடிக்காது. ஜெர்மனியில் 2018, 2019இல் நூற்றுக்கும் மேற்பட்ட சிற்றோடைப் பகுதிகளில் மழை பெய்யும்போதே தானாக நீர் எடுக்கும் கருவிகளையும் வைத்துப் பார்த்தார்கள். விவசாயப் பகுதி ஓடைகளில் 81 சதவீதத்தில் ஏதாவது ஒரு மருந்து ஏற்கத்தக்க அளவைத் தாண்டியிருந்தது.

பைரித்ராய்டு, ஆர்கனோகுளோரின் என்றால் தண்ணீரைச் சோதிப்பதே தப்பான இடத்தில் தேடுவது. சேற்றைச் சோதியுங்கள்.

15. ஒவ்வொரு மருந்தும் வரம்புக்குள்தான் இருக்கிறது. அப்போ சரிதானே?

வரம்பு தனித்தனி மருந்துக்கு. ஈரநிலத்தில் அவை கூட்டமாக வருகின்றன. அசோல் வகைப் பூஞ்சைக்கொல்லிகள், பூச்சியின் உடல் நஞ்சை முறிக்கும் நொதியையே அடக்கிவிடும். அதே நேரம் பைரித்ராய்டும் இருந்தால் அதன் வீரியம் பல மடங்காகத் தெரியும்.

உயிரினத்தின் நிலைமையும் சேரும். ஆய்வகத்தில் தலைப்பிரட்டை நிம்மதியாக இருக்கும். 2001இல் வெளியான ஒரு சோதனையில், தன்னைத் தின்னும் எதிரியின் வாசனை நீரில் இருந்தபோது கார்பரில் என்ற மருந்து தலைப்பிரட்டைகளை மேலும் பல மடங்கு கொன்றது. காட்டில் எதிரி இல்லாத குட்டை ஏது? ஐரோப்பிய ஓடைகளை ஆராய்ந்து 2013இல் வந்த ஆய்வில், சட்டப்படி பாதுகாப்பானது என்று கருதும் அளவுகளிலேயே நீர்வாழ் சிற்றுயிர் வகைகள் 42 சதவீதம்வரை குறைந்திருந்தன.

16. ஈரநிலம் "நிலத்தின் சிறுநீரகம்" என்கிறார்களே. அதுவே சுத்தம் செய்துகொள்ளாதா?

ஓரளவு செய்யும். நாணலும் சம்பும் நீரின் வேகத்தைக் குறைக்கும், மண் படியும், வேரடி நுண்ணுயிர்கள் சில மருந்துகளைச் சிதைக்கும். வாய்க்காலுக்கும் ஏரிக்கும் நடுவே இதற்கென்றே சிறு ஈரநிலம் வெட்டிச் செடி வளர்க்கும் முறை பல நாடுகளில் இருக்கிறது, நன்றாகவே வேலை செய்கிறது. ஒட்டும் ரக மருந்துக்கு நல்ல பலன், கரையும் ரகத்துக்குக் குறைவு. ஆனால் அது வடிகட்டி. அங்கே கொக்கு கூடுகட்ட வேண்டும் என்று எதிர்பார்க்கக்கூடாது. உயிர்கள் வாழும் ஏரியை வடிகட்டியாக்கினால், 7ஆம் பதிலில் சொன்ன சேறுதான் கிடைக்கும்.

17. தூர்வாரினால் பழைய விஷம் போய்விடுமா?

சில இடங்களில் போகும், சில இடங்களில் எழுப்பிவிட்டதாக ஆகும். கலக்கினால் ஒட்டியிருந்தது மறுபடி நீருக்கு வரும். அள்ளிய சேற்றை எங்கே போடுவது என்ற கேள்வியும் உண்டு. கரையிலேயே குவித்தால் அடுத்த மழைக்குத் திரும்பிவிடும். வாருமுன் சேற்றைப் பல ஆழத்தில் சோதிக்க வேண்டும். மேல்படிவு சுத்தமாகவும் அடியில் பழைய விஷமாகவும் இருந்தால் கை வைக்காமல் விடுவதே மேல். அபோப்காவில் பிற்பாடு விஷம் அதிகமிருந்த மேல்மண்ணை ஆழ உழுது கீழே புரட்டினார்கள்.

18. ராம்சர் பட்டியலில் சேர்ந்துவிட்டால் பாதுகாப்புதானே?

பட்டியல் ஈரநிலத்தைச் சுற்றிக் கோடு போடுகிறது, தண்ணீர் கோட்டுக்கு வெளியே இருந்து வருகிறது. ஷின்ஜி ஏரியும் 2005 முதல் ராம்சர் தலம்தான்.

19. சரி, நான் வயல்காரன். நாளைக்கே எதை மாற்றலாம்?

கழுவும் இடத்தை. 2ஆம் பதிலைத் திரும்பப் படியுங்கள். டப்பாவை மூன்று தடவை அலசி, அந்த அலசல் நீரைத் தெளிப்பான் டேங்கிலேயே ஊற்றி வயலில் அடித்துவிடுங்கள். தெளிப்பானை வாய்க்காலிலிருந்து தள்ளி, புல் உள்ள மண்ணில் கழுவுங்கள். சுவீடனில் 1990களில் ஓர் எளிய குழி முறை கண்டுபிடித்தார்கள். பாதி வைக்கோல், கால் பங்கு மட்கிய கரிமப் பொருள், கால் பங்கு மண் கலந்து நிரப்பி, மேலே புல் வளர்ப்பார்கள். அதன்மேல் தெளிப்பானை நிறுத்திக் கலக்குவதும் கழுவுவதும். சிந்தியதை வைக்கோலில் வளரும் பூஞ்சைகள் தின்றுவிடும்.

நெல்லுக்கு: மருந்து போட்டபின் மடையைத் திறக்காதீர்கள். 1980களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவின் நெல்வயல் களைக்கொல்லிகளால் வடிகால்களில் கெண்டை மீன்கள் செத்தன, சாக்ரமெண்டோ நகரக் குடிநீர் கசந்தது. மருந்தைத் தடை செய்யவில்லை. போட்டபின் குறிப்பிட்ட நாட்கள் நீரை வயலிலேயே தேக்க வேண்டும் என்று விதி வைத்து, அந்த நாட்களைப் படிப்படியாக ஏற்றினார்கள். ஆற்றில் சேர்ந்த அளவு பெருமளவு விழுந்தது. மற்றதெல்லாம் உங்களுக்கே தெரிந்ததுதான்: மழை மேகம் கண்டால் தெளிக்க வேண்டாம், காற்று இருந்தாலும் வேண்டாம், நீரோரம் சில மீட்டர் புல் விடுங்கள், பூச்சியை எண்ணிப் பார்த்துவிட்டு அடியுங்கள்.

20. எல்லாம் நிறுத்தினால் எத்தனை நாளில் பழையபடி ஆகும்?

யாரைக் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. நீர்த்தெள்ளுக்கு வாரக்கணக்கு. ஆண்டுக்கு ஒரு தலைமுறை காணும் பூச்சிக்கு ஓரிரு ஆண்டு, அதுவும் பக்கத்தில் மருந்து படாத குட்டை ஒன்று இருந்தால். பறக்கத் தெரியாத மட்டியும் நத்தையும் திரும்பி வர மிக அதிகக் காலம். அமெரிக்காவின் பழுப்புக் கூழைக்கடாவை டிடிடி தடைக்கு 37 ஆண்டுகள் கழித்து, 2009இல்தான் அழிவுப் பட்டியலிலிருந்து முழுமையாக எடுத்தார்கள்.

சோதனைக்கூடம் இல்லாமல் பார்க்க ஒரு வழி இருக்கிறது. தும்பி பறப்பதை வைத்து முடிவு கட்டாதீர்கள், அது வேறெங்கிருந்தோ வந்திருக்கும். காலையில் நாணல் தண்டுகளில், நீருக்கு ஒரு சாண் மேலே தேடுங்கள். முதுகு பிளந்த, பழுப்பு நிறக் காலித் தோல் ஒட்டிக்கொண்டிருக்கும். அந்தத் தும்பி மாதக்கணக்கில், சில வகைகள் ஆண்டுக்கணக்கில், அந்த நீருக்குள்ளேயே வளர்ந்துதான் ஏறி வந்திருக்கிறது.